கல்வி வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வந்த கையோடு கருத்தரங்கு நடத்தும் இயக்கப் பொறுப்பாளர்களுக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

மண்டபம் பிடித்து, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து, தூரத்துப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸும் அனுப்புகிறீர்கள். அந்த உழைப்பின் மேல் உள்ள மதிப்பினால்தான் எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆள் சேர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். படித்தது ஒன்று, கேட்கும் வேலை வேறொன்று என்று பலருக்கும் இருக்கிறது. அண்மையில் உயிர்த்தொழில்நுட்பப் பட்டதாரி ஒருவர் ஆபரேட்டர் வேலைக்கு வந்தார். நல்ல மதிப்பெண். “மருத்துவக் கருவி செய்யும் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுதிப் பார்த்தீர்களாம்மா?” என்று கேட்டேன். அப்படி ஒரு வேலை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பி. பிரவுன் போன்ற நிறுவனம் 1972 முதல் இதே பினாங்கில் இயங்குகிறது. “எதிர்காலம் உள்ள படிப்பு” என்று ஒரு கருத்தரங்கில் கேட்டுச் சேர்ந்தாராம். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். இன்னும் தலைமேல் இருக்கிறது.

உங்கள் மேடையில் மருத்துவரும் வழக்கறிஞரும் பேசுகிறார்கள். கீழே கல்லூரிகள் மேசை போட்டிருக்கின்றன. பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சட்டத்தையே பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தவர் நேராகச் சேம்பரிங் எனப்படும் ஒன்பது மாத வழக்கறிஞர் பயிற்சிக்குப் போகலாம். தனியார் கல்லூரியில் பிரிட்டிஷ் எல்.எல்.பி. சட்டப் பட்டம் எடுத்தவர் அதற்கு முன் சி.எல்.பி. எனும் உள்நாட்டு வழக்கறிஞர் தகுதித் தேர்விலோ இங்கிலாந்தின் பார் எனும் வழக்கறிஞர் தேர்விலோ தேற வேண்டும். அதற்கான காலமும் பணமும் சேரும் நாளிலேயே பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? உளவியலும் அப்படித்தான். மருத்துவ உளவியலாளர் ஆக முதுகலை வேண்டும். ஆலோசகராக வேலை செய்ய 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். அதே இளங்கலைப் பட்டத்தோடு மனிதவளப் பிரிவுக்குத் தாராளமாக வரலாம்.

பொறியியலில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ‘பொறியியல்’, ‘பொறியியல் தொழில்நுட்பம்’ என்று இரண்டு வகைப் பட்டங்கள் இருக்கின்றன. முதலாவதை முடித்தவர் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்து, அனுபவம் சேர்த்து, நிபுணத்துவப் பொறியியலாளர் ஆகலாம். இரண்டாவதற்கு எம்போட் எனப்படும் தொழில்நுட்ப வல்லுநர் வாரியம். தொழிற்சாலைக்குள் இருவரும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து மேசையில்தான் வேலை செய்கிறார்கள், அதனால் இரண்டாவதைத் தாழ்வாகப் பேச வேண்டாம். ஆனால் கட்டட வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியியலாளர் ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை, நான்கு வருடம் படித்த பிறகா இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது?

பொலிடெக்னிக் டிப்ளோமாவைப் பற்றி உங்கள் மேடையில் ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை. அதை முடித்து டெக்னீஷியனாகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் எடுத்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். வேதியியல் படித்தவர்கள் பழுதாய்வுக் கூடத்தில், இயற்பியல் படித்தவர்கள் சிப் தயாரிப்பின் செயல்முறைப் பிரிவில். இவர்களையும் பேச அழையுங்கள். முப்பது வருட அனுபவசாலியைவிட, மூன்று வருடம் முன்னால் வேலை தேடி அலைந்தவருக்கு இன்றைய நிலவரம் நன்றாகத் தெரியும்.

அப்புறம், மேசை போடும் கல்லூரிகளுக்கு ஒரு நிபந்தனை வையுங்கள். பாடத்திட்டம் எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் பெற்றதா, முடித்தபின் எந்தத் தேர்வு எழுத வேண்டும், எந்த வாரியத்தில் பதிய வேண்டும், முழுச் செலவு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்கட்டும். கொடுக்க மறுத்தால் அவர்களுக்கு மேசை வேண்டாம்.

அந்தத் தாளின் மாதிரியை நானே தயாரித்துத் தருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளம் பட்டதாரிகள் சிலரையும் அழைத்து வருகிறேன். சனி, ஞாயிறு எந்த நாளானாலும் சரி, ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும்.