சேகருக்கு, மதுரையிலிருந்து

அன்புள்ள சேகர்,

போன மாதமே எழுதியிருக்க வேண்டும், தள்ளிக்கொண்டே போய்விட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறார், சீரியல் பார்க்க ஆரம்பித்துவிட்டார், அதுவே போதும்.

கல்லூரியில் என் ஜப்பானிய வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். எல்லாப் பிள்ளைகளும் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறவர்கள்தானே, ஆங்கிலத்தில் நாம் ரெண்டு பேரும் பட்ட பாடு இதில் இருக்காது என்றுதான் நினைத்தேன். எங்கே! புத்தகத்தில் இலக்கண விளக்கம் முழுக்க ஆங்கிலம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளை முதலில் அதைப் புரிந்துகொள்ள மல்லுக்கட்ட வேண்டும், அப்புறம்தான் ஜப்பானியம். ஜப்பானியத்தில் இருக்கும் ஆங்கிலக் கடன் சொற்களிலும் இதே கதை. 'தெபாதோ' என்றால் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று டவுன் பையன் பட்டென்று சொல்லிவிடுகிறான், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் பெண் அந்த ஆங்கிலச் சொல்லையே அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள்.

பிளஸ் டூவில் மார்க்குக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். படித்த பிரெஞ்சில் ஒரு வரி ஞாபகமில்லை. ஆனால் தப்பாகப் பேசினால் மானம் ஒன்றும் போய்விடாது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள், அதுதான் அவர்களுடைய சொத்து. அந்த உசிலம்பட்டிப் பெண் ஹிரகானாவை, அதாவது ஜப்பானிய அடிப்படை எழுத்துகளை, அச்சடித்த மாதிரி எழுதுவாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள்.

ஒருநாள் வெறுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிட்டு, போர்டில் 'வதாஷி வா மதுரை நி இகிமாஸ்' என்று எழுதி, அதற்கு நேர் கீழே 'நான் மதுரைக்குப் போகிறேன்' என்று எழுதினேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. அடுத்து 'தபெதெ மிமாஸ்'. தபெதெ என்றால் சாப்பிட்டு, மிமாஸ் என்றால் பார்க்கிறேன். சாப்பிட்டுப் பார்க்கிறேன்! நாம் ருசி பார்ப்பதைச் சொல்வது போலவே அவர்களும் சொல்கிறார்கள், ஆங்கிலத்தில் இதற்கு 'ட்ரை' என்று வேறொன்றைக் கொண்டுவர வேண்டும். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ எழுதிப் பார் என்றால் கைதெ மிதெவா சார்?" அவளேதான்.

(தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு சொன்னதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஏற்காமல் போகட்டும், என் வகுப்புக்கு இந்த வாக்கிய அமைப்பே போதும்.)

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. வகுப்பு முடிந்து பேச்சுப் பயிற்சி வைத்தால் டவுன் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவள் ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அதை விட்டால் வீடு போய்ச் சேர எட்டாகிவிடும். புதுமைப் பெண் திட்டத்தில் வருகிற மாதம் 1000 ரூபாயைச் சேர்த்துவைத்துத்தான் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது, அதனால் அதன் முதல் படியான என்5 பாஸ் பண்ணிவிடுவாள் என்றே நினைக்கிறேன். பிறகு கம்பெனிக்காரன் இன்டர்வியூவில் பேசச் சொல்வானே, அங்கேதான் எனக்குப் பயம். இப்போது மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிஷம் அவளையும் இன்னும் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசவைக்கிறேன். டிபன் பாக்ஸைத் திறந்து 'தபெதெ மிமாஸ்' என்று ஆரம்பித்து என் தயிர்சாதம் பாதி காலியாகிவிடுகிறது.

நீ அங்கே ஜெர்மன் எடுக்கிறாயே, துணை வாக்கியத்தில் வினைச்சொல் நம்முடையது மாதிரி கடைசிக்குப் போகுமில்லையா, அதைத் தமிழை வைத்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறாயா? எழுது.

அன்புடன்,
செல்வம்