முயல் முயல்தானே என்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஆய்வக விலங்குகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் 'ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு முயலின் ரத்தம்' என்றிருந்தது பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் பதினோரு வருடமாக ஓர் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன்.

என் வேலையில் பெரும்பகுதி வெஸ்டர்ன் பிளாட், அதாவது திசுவில் குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. சுண்டெலியின் மூளைத் திசுவை அரைத்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லில் ஓட்டி எடைவாரியாகப் பிரித்து, ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றுவோம். தேடும் புரதத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்வது ஆன்டிபாடி, பள்ளிப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று இருக்குமே அது. சவ்வின் காலி இடங்களில் அது வீணாக ஒட்டக் கூடாது என்பதற்காக சவ்வைப் பால்பவுடர் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைப்போம். மளிகைக் கடையில் கிடைக்கும் அதே கொழுப்பு நீக்கிய பால்பவுடர்தான், 100 மில்லிக்கு 5 கிராம். அப்புறம் முயல் ஆன்டிபாடி. அதில் சவ்வு இரவு முழுக்க 4 டிகிரி குளிரில் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும். மறுநாள் முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆட்டு ஆன்டிபாடியை ஊற்றி, ஒளிரவைக்கும் மருந்தையும் விட்டால், தேடிய புரதம் இருக்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும். வந்ததும் வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பேன், இன்றைக்கும்.

முயல் எதற்கு என்றால், சுண்டெலித் திசுவில் சுண்டெலி ஆன்டிபாடியையே போட்டால், இரண்டாவதாக ஊற்றுவது திசுவுக்குள் ஏற்கெனவே இருக்கும் சுண்டெலி ஆன்டிபாடிகளையும் சேர்த்துப் பிடித்துவிடும். 50, 25 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) பக்கம் வேண்டாத கோடுகள் வரும். முயலில் அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் முயல் ஆன்டிபாடியில் இரண்டு வகை உண்டு. பாலிகுளோனல் என்பது ஊசி போட்ட முயலின் ரத்தத்திலிருந்து எடுக்கும் கலவை. அந்த முயலின் காலம் முடிந்தால் அடுத்த முயல். மோனோகுளோனல் என்றால் ஒரே செல்லின் ஒரே ஆன்டிபாடி. 1975-இல் கோலர், மில்ஸ்டீன் என்ற விஞ்ஞானிகள் சுண்டெலியில் இதைச் செய்துகாட்டினார்கள். முயலுக்கு அது கைகூட இருபது வருடம் ஆனது. 1995-இல் சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் நைட்டின் குழு அதற்கான செல்களை உருவாக்கியது. இப்போது பல நிறுவனங்கள் அந்த ஆன்டிபாடியின் மரபணு வரிசையைப் படித்து, வேறு செல்களில் வைத்து வளர்த்துக்கொள்கின்றன. தொடக்கத்தில் ஒரு முயலுக்கு ஊசி போடத்தான் வேண்டும், அதை மறைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை குப்பி தயாரித்தாலும் முயல் தேவையில்லை. கட்டுரையாளர் விட்டது இதைத்தான்.

இனி என் சொந்தக் கதை. நான்கு வருடம் முன்பு ஒரு பாலிகுளோனல் குப்பியில் 60 கிலோடால்டன் அருகே சுத்தமான ஒற்றைக் கோடு வந்தது. அது தீர்ந்து அதே பெயரில் அடுத்த குப்பி வாங்கினோம். இப்போது 75 பக்கம் இன்னொன்று, முதல் கோட்டைவிடத் தடிமனாக! கை தப்போ என்று பால்பவுடரை மாற்றினேன், சவ்வை மாற்றினேன், கழுவும் நேரத்தைக் கூட்டினேன். ஆறு மாதம் போயிற்று. கடைசியில் அந்தப் புரதத்தின் மரபணுவையே நீக்கிய சுண்டெலியின் திசுவை வேறொரு ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி ஓட்டினால், இல்லாத புரதத்துக்கு இரண்டு கோடும் அப்படியே நிற்கின்றன. முதல் குப்பியின் மிச்சம் துளியும் இல்லை, அதைச் சோதிக்க வழியில்லை. விற்றவர்களைக் கேட்டதற்கு, "அது வேறு முயல், இது வேறு முயல்" என்றார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் ஒரு அத்தியாயம் அதோடு போனது.

அப்படியானால் ஏன் பாலிகுளோனலையே வாங்குகிறோம்? மூன்று கொட்டேஷன், அதில் மலிவானது எதுவோ அது என்ற கணக்கால்தான். இண்டெண்டில், அதாவது வாங்கித் தரக் கேட்டு எழுதும் படிவத்தில், 'முயல் ஆன்டிபாடி, 100 மைக்ரோலிட்டர்' என்று மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே சரக்காகத் தெரியும். கொள்முதல் குழுவில் ஒருவர் கேட்டார்: "முயல் முயல்தானே மேடம்?" ஆயிரத்துக்கு ஒரு பங்கு கலந்தால் 5 மில்லிக்கு 5 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு குப்பியில் இருபது முறை வரும், கலந்ததையே மூன்று நான்கு முறை திரும்பவும் பயன்படுத்துவோம். விலை வித்தியாசம் அத்தனை முறைக்கும் பிரிந்துவிடும் என்ற இந்தக் கணக்கைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், கையெழுத்து மட்டும் மலிவானதில் விழுகிறது.

2015-இலேயே நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில், மரபணு வரிசை தெரிந்து வேறு செல்களில் வளர்க்கும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகளுக்கு மாறுவோம் என்று எழுதினார்கள். முயல்கள் மேல் அக்கறையுள்ள வாசகர்களும் இந்த இண்டெண்ட் விஷயத்தைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. 'ரீகாம்பினன்ட் முயல் மோனோகுளோனல், மரபணு நீக்கிய மாதிரியில் சோதித்தது' என்று எழுதினால் விலை கூடும். ஆறு மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. நான் இப்போது அப்படித்தான் எழுதித் தருகிறேன். கடைசியாகக் கொடுத்த மூன்றில் ஒன்று தேறியது. இரண்டு திரும்பி வந்தன, 'மலிவான மாற்று இருக்கிறதா?' என்ற குறிப்போடு.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக டெக்னீஷியன்,
சென்னை