நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை வகுப்பு ஓடைக்கரையில்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை, மூன்றாம் நிலையும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளும் நம் வழக்கமான கட்டடத்தில் நடக்காது. அன்று காலை எல்லாரும் சியாட்டிலுக்கு வடக்கே உள்ள எட்மண்ட்ஸின் வடக்கு ஓரத்தில் இருக்கும் மெடோடேல் பீச் பார்க்குக்குப் போகிறோம். அங்கே லண்ட்ஸ் கல்ச் ஓடை கடலில் சேரும் இடத்தில் பிள்ளைகள் களை பிடுங்குவார்கள், கன்று நடுவார்கள். தமிழ்ப் பாடமும் அங்கேயே நடக்கும்.

அறிவிப்பு வந்ததும் உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள்: "வாரத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் இரண்டரை மணி நேரம்தான் பிள்ளைகளுக்குத் தமிழ். அதையும் மண் வெட்டுவதில் செலவழிக்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்ட்ஸ் கல்ச், லின்வுட் மேட்டிலிருந்து பியூஜெட் சவுண்ட் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு. அதன் அடியில் ஓடுவது சிறிய ஓடைதான். கோடையில் பார்த்தால் இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று தோன்றும். ஆனால் இலையுதிர் காலத்து மழை பிடித்ததும் கடலிலிருந்து சால்மன் மீன் முட்டையிட ஏறி வரும் ஓடை இது. சம், கோஹோ இரண்டு இனங்களும் இங்கே வருகின்றன.

1890களில் சியாட்டிலிலிருந்து எவரெட் வரை கரையை ஒட்டியே மேடு கட்டித் தண்டவாளம் போட்டார்கள். இன்றைக்கும் ரயில் அதே வழியில்தான் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் அழகான பயணம். கடலுக்கும் கரைக்கும் நடுவே அந்த மேடு சுவராக நின்றுவிட்டதை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்க்க முடியாது. லண்ட்ஸ் கல்ச் ஓடைக்கு அந்த மேட்டின் கீழே விடப்பட்ட வழி, ஆறடி அகலத்தில் ஒரு கல்வெர்ட், அதாவது தண்ணீர் போக விட்ட சிறு மதகு. ஓடை கொண்டுவரும் மணலும் சரளையும் வெளியே போக முடியாமல் உள்பக்கமே தேங்கின. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிக் கடற்கரைக்குப் போகும் வழியும் முழுகிவிடும். கழிமுகம் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிவிட்ட புல்வெளி இருந்தது. அதற்கும் முன்னால் அங்கே நீச்சல் குளத்தோடு ஒரு கன்ட்ரி கிளப் இருந்தது.

ஸ்னோஹோமிஷ் கவுண்டி பல ஆண்டுகள் திட்டமிட்டு, 2021இல் வேலையைத் தொடங்கி, 2023இல் முடித்தது. ரயில் மேட்டை வெட்டித் திறந்து, கல்வெர்ட் இருந்த இடத்தில் நூறடிக்கு மேல் நீளமுள்ள ரயில் பாலம் கட்டினார்கள். புல்வெளியைத் தோண்டி, ஏறக்குறைய 1.3 ஏக்கர் அளவுக்குக் கழிமுகத்தை மீட்டார்கள். இப்போது ஒவ்வொரு ஏற்றத்திலும் உப்பு நீர் உள்ளே வருகிறது, வற்றத்தில் திரும்பிப் போகிறது. 1.3 ஏக்கர் என்றதும் சின்ன இடம் என்று நினைக்காதீர்கள். கரை நெடுக ரயில் மேடு அடைத்துவிட்ட ஒரு கடலோரத்தில் அது மிகப் பெரிய வாசல்.

சால்மன் குஞ்சுகளுக்கு அந்த வாசல் ஏன் அவ்வளவு தேவை? சம் குஞ்சு சரளைக்கு அடியிலிருந்து வெளியே வரும்போது உங்கள் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கோஹோ குஞ்சாவது ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே தங்கி வளரும். சம் குஞ்சு அப்படி இல்லை, பிறந்த கொஞ்ச நாளிலேயே கடலைப் பார்த்துக் கிளம்பிவிடும். நன்னீரில் பிறந்த உடம்பு உப்பு நீருக்குப் பழக வேண்டும், பெரிய மீன்களின் கண்ணில் படாமல் ஒளிய வேண்டும், வேகமாகத் தின்று பெருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஏற்ற இடம் ஆழமில்லாத, இரண்டு நீரும் கலக்கிற கழிமுகம். ஆறடிக் கல்வெர்ட் வழியாக நேரே கடலில் போய் விழுந்த குஞ்சுகளுக்கு அந்த இடம் கிடைக்கவே இல்லை. இந்த ஓடையில் பிறக்காத, சினூக் என்ற இன்னொரு சால்மன் இனத்தின் குஞ்சுகளும் இதைத் தேடி வரும். பெரிய ஆறுகளிலிருந்து இறங்கிக் கரையோரமாகவே நீந்தி வருகிறவை அவை. பியூஜெட் சவுண்ட் சினூக், 1999 முதல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கும் ஓர்கா திமிங்கிலங்களுக்கு முக்கிய உணவு அந்தச் சினூக்தான்.

சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அடையாறு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் கடலிலிருந்து மடவைக் குஞ்சு உள்ளே வர முடியாது என்பதை அந்தப் பக்கத்து மீனவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

சால்மனை அருகில் பார்க்காத பெற்றோர் ஒரு முறை நவம்பரில் சியாட்டிலில் உள்ள கார்கீக் பார்க்கின் பைப்பர்ஸ் ஓடைக்குப் போய்வர வேண்டும் என்பது என் ஆசை. போன ஆண்டு நான் பார்த்ததைச் சொல்கிறேன். கணுக்கால் ஆழத் தண்ணீரில் ஒரு பெண் சம் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் சரளையை அடித்துக்கொண்டே இருந்தது. வாலின் ஓரம் தேய்ந்து, தோல் போய், உள்ளே இருக்கும் வெள்ளை தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் வண்டல் புகைபோல் எழுந்து நீரோடு போனது, கல் மட்டும் தங்கியது. ஊதாவும் பச்சையுமாகப் பட்டை விழுந்த உடம்போடு, பல் வெளியே துருத்த, ஓர் ஆண் மீன் பக்கத்தில் நின்று மற்ற ஆண்களை விரட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் 2,000 முதல் 4,000 வரை முட்டை இடும், திரும்பவும் வாலால் சரளையைத் தள்ளி மூடும், சில நாட்களில் செத்துப்போகும். கடலுக்குப் போன நாளிலிருந்து அது எதற்காக வளர்ந்ததோ, அந்த வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. நான் நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

சரளைக்குள் கிடக்கும் அந்த முட்டைகளுக்கு இடைவிடாமல் சுத்தமான தண்ணீர் ஊறி வர வேண்டும். மேலே வீடுகள், தெருக்கள், கார் நிறுத்துமிடங்கள் பெருகப் பெருக, மழை மண்ணில் இறங்காமல் ஒரே பாய்ச்சலாக ஓடைக்குள் விழுகிறது. அந்த வேகத்தில் கரை அரிக்கிறது. அரித்த வண்டல் சரளையின் இடுக்குகளை அடைக்கிறது, முட்டை மூச்சுமுட்டிச் சாகிறது. கீழே எவ்வளவு பெரிய பாலம் கட்டினாலும் இதைத் தடுக்க முடியாது.

இந்த இடத்தில்தான் பேச்சு நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. சியாட்டில் பக்கத்து நகர ஓடைகளில், கடலிலிருந்து நல்ல உடம்போடு வந்த கோஹோ மீன்கள் முட்டை இடும் முன்பே, மழை பெய்த சில மணி நேரத்தில் தள்ளாடிச் செத்ததை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்தார்கள். வயிறு நிறைய முட்டையோடு செத்தன. காரணம் 2020 டிசம்பரில் வெளியானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்திலும் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புயாலப் மையத்திலும் இருந்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். டயரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம் காற்றில் உள்ள ஓசோனோடு கலந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. சாலையில் தேய்ந்து விழும் டயர்த் தூளிலிருந்து மழையில் கரைந்து ஓடைக்கு வருகிறது. சம் மீன் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. கோஹோவை மிகச் சிறிய அளவே கொன்றுவிடும்.

டயரில் எதைச் சேர்ப்பது என்பதைத் தயாரிப்பாளர்களும் அரசும்தான் மாற்ற வேண்டும், அதை வீட்டுக்காரர் தலையில் கட்ட முடியாது. ஆனால் இதே ஆய்வாளர் வட்டத்திலிருந்து வந்த இன்னொரு செய்தி எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. கோஹோவைக் கொல்லும் அதே சாலைத் தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியாக வடிய விட்டபோது, அந்தத் தண்ணீரில் விட்ட மீன்கள் பிழைத்தன. அதாவது வேரும் மண்ணும் உள்ள ஒரு துண்டு நிலம் போதும், அது வேலை செய்யும். வீட்டு முன்னால் ஒரு சிறிய மழைத்தோட்டம் போட இடம் இருப்பவர்கள் போடலாம். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியே நேராகத் தெருவுக்கு விடாமல் மண்ணில் விடலாம்.

இன்னும் சில எளிய விஷயங்கள். காரை டிரைவ்வேயில் கழுவாமல் கார் வாஷில் கழுவுங்கள். அங்கே அழுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், தெருவோர வடிகாலில் விழுவது பெரும்பாலும் அப்படியே ஓடைக்குப் போகும். எண்ணெய் சொட்டினால் உடனே சரி செய்யுங்கள். கூரைப் பாசிக்குத் தூவும் துத்தநாகப் பொடி மீனுக்கு நஞ்சு. நம்மில் பலர் லின்வுட் மேட்டில் வீடு வாங்கியவர்கள். கழிமுகத்தைக் கவுண்டி திறந்து கொடுத்துவிட்டது. அதற்கு வரும் தண்ணீர் நம் தெருக்களில் பிறக்கிறது. ஓடையை மீட்கும் வேலையில் பாக்கி இருப்பது பெரும்பாலும் நம் பக்கத்துப் பாதிதான். பிள்ளைகளை நான் அங்கே அழைத்துப்போக விரும்புவது இதற்காகத்தான். இந்த ஊரில் பிறந்து வளரும் அவர்களுக்கு இந்தத் தண்ணீரோடு உறவு வர வேண்டும், அந்த உறவைத் தமிழில் பேசவும் எழுதவும் வர வேண்டும்.

போகும் முன் மூத்த வகுப்புகளுக்கு ஒரு வரலாற்றுப் பாடமும் உண்டு. மெடோடேலுக்கு வடக்கே சில மைல் தள்ளி இருக்கும் முக்கில்டியோவில் 1855 ஜனவரி 22 அன்று பாயிண்ட் எலியட் ஒப்பந்தம் கையெழுத்தானது. பழங்குடியினர் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை விடவில்லை. அந்த உரிமைக்காகப் பிறகு சிறைக்கும் போனார்கள். 1974இல் நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். மாநிலச் சாலைகளின் கீழே மீனை மறிக்கும் கல்வெர்ட்டுகளை மாநிலம் சரி செய்தாக வேண்டும் என்ற தீர்ப்பு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைத்தது. அந்த ஒப்பந்தக்காரர்களின் வழிவந்த டுலாலிப் பழங்குடியினருக்கு இந்த ஓடை பொழுதுபோக்கு இடம் அல்ல என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டு அங்கே கால் வைக்க வேண்டும்.

தமிழ்ப் பாடம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம், நான்காம் நிலையினர் பார்ப்பதை வரைந்து பெயர் எழுதுவார்கள். ஐந்து, ஆறாம் நிலையினர் தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் நேரம் குறித்து ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்கு மேல் உள்ளவர்கள் வீட்டில் தாத்தா பாட்டியிடமோ, ஊரில் இருப்பவர்களிடம் போனிலோ பேசி, அவர்கள் சிறு வயதில் பார்த்த ஆறு அல்லது கழிமுகம் ஒன்றைப் பற்றிக் கேட்டு எழுதி வர வேண்டும். வைகையோ, தாமிரபரணியோ, தொண்டைமானாறோ, எதுவானாலும் சரி. மீன் சாப்பிடாத குடும்பங்களிலிருந்து ஓரிருவர் தயங்கியது தெரியும். அன்று யாரும் மீனைத் தொடப் போவதில்லை.

களை என்றால் பெரும்பாலும் இமாலயப் பிளாக்பெர்ரி முள்ளும் ஐவிக் கொடியும். நடுவது செஞ்சீடர், வில்லோ, சால்மன்பெர்ரி போன்ற இந்த மண்ணின் செடிகள். மரநிழல் விழுந்தால் ஓடை குளிர்ச்சியாக இருக்கும், இலையிலிருந்து விழும் பூச்சி குஞ்சுக்கு இரை. பூங்காவினரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது, எங்கே நடுவது என்பதை அவர்களே காட்டுவார்கள்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை. நிறுத்துமிடத்திலிருந்து கடற்கரைக்கு ஒரு மைலுக்கு மேல் இறக்கம், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டிகளை அழைத்துவருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாற்று வழி கேட்டு வைக்கிறோம். மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம். முள் குத்தாத தடித்த கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி. புளியோதரை, தயிர்சாதம் எதுவானாலும் மூடியுள்ள டப்பாவில் கட்டிக் கொடுங்கள், மிச்சத்தை அங்கே கொட்ட வேண்டாம். சரளையில் முட்டை இருக்கலாம் என்பதால் ஓடைக்குள் யாரும் இறங்கக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். நாயை அழைத்து வரவே வேண்டாம். பச்சை சால்மனைத் தின்றால் அதில் உள்ள ஒட்டுண்ணி சுமக்கும் கிருமியால் நாய்க்கு உயிராபத்தான காய்ச்சல் வரும், செத்த மீன்கள் கரையில் கிடக்கும்.

நிறுத்துமிடம் சிறியது. மூன்று நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து வாருங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர் தேவைப்படுகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். ஒப்புதல் படிவத்தை அடுத்த சனிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். மழைக்காக நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க மாட்டோம். பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் மரம் விழும் அபாயம் இருப்பதால் தள்ளிவைப்போம். அதை வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் தெரிவிப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்