சுமிதா முகவரிக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பொதி வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ஜப்பானிய மரப்பலகை அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் மழைப் படம் ஒரு மடிப்பும் கசங்கலும் இல்லாமல் இருக்கிறது. பொதியின் மேல் அனுப்புநர் முகவரியில் கவாசாக்கி நகரம் இல்லை. தோக்கியோ, சுமிதா வார்டு என்று இருந்தது. பெயரும் உன் பெயர் மட்டும். அம்மா அந்தச் சீட்டைக் கத்தரித்துப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஷின்-ஓஹாஷி பாலத்தின் மேல் பெய்யும் இந்தத் திடீர் மழையைப் பார்ப்பவர்கள் ஹிரோஷிகேயைப் புகழ்வார்கள். எனக்குச் செதுக்கியவரையும் அச்சிட்டவரையும் நினைக்கத் தோன்றுகிறது. எதோ நகரத்தின் நூறு காட்சிகள் (எதோ என்பது தோக்கியோவின் பழைய பெயர்) என்ற வரிசைக்காக 1857-இல் ஹிரோஷிகே மெல்லிய தாளில் கோடு போட்டுக் கொடுத்தார். மறு ஆண்டு இறந்தும் போனார். அந்தத் தாளைக் கவிழ்த்துச் செர்ரி மரப்பலகையில் ஒட்டி, கோட்டின் இருபுறமும் மரத்தைச் சீவியெடுக்கும்போது மூலச் சித்திரம் அழிந்துவிடும். சுற்றியிருந்த மரமெல்லாம் போன பிறகு மயிரளவு எஞ்சி நிற்கும் விளிம்புதான் மழையின் ஒவ்வோர் இழையும். அதையும் இரண்டு பலகைகளில் சற்றே வேறுபட்ட சாய்வில் செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிட்டிருப்பதால் மழை காற்றில் அலைக்கழிவது தெரிகிறது. மேலே திரண்டிருக்கும் கருமையைச் செதுக்கியவர் எவருமில்லை. அச்சிடுபவர் ஈரப் பலகையில் வண்ணத்தைத் தடவி, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக மங்கவைத்தது அது. ஆகவே ஒரு பிரதியின் மேகம் இன்னொரு பிரதியில் அப்படியே இருக்காது. வான்கோ 1887-இல் இதை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். மழை அவருக்குச் சரியாக வரவில்லை என்பது என் கருத்து.

நீ அனுப்பியது புதிதாகச் செதுக்கிய பலகையிலிருந்து எடுத்த பிரதி என்றாலும், தாளைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தபோது தாளைப் பலகைமேல் அழுத்தித் தேய்க்கும் பாரென் என்ற வட்டக் கைக்கருவியின் தடங்கள் நன்றாகத் தெரிந்தன. இயந்திரத்தில் அச்சடித்ததை வாங்கி ஏமாறாமல் கைவேலையைத் தேர்ந்திருக்கிறாய். எட்டாம் வகுப்பில் லினோலியம் செதுக்கிக் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்ட பெண்ணுக்கு அந்தக் கண் இல்லாமல் போகுமா? எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இத்தனை அழகான படத்தோடு வைத்த சீட்டில் ‘நலம், வேலை அதிகம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பலகையில் இடமில்லாமல் போகலாம். உன் தாளில் இடம் இருந்தது.

அந்தப் பாலம் சுமிதா நதியின் மேல்தான் இருந்தது. இப்போதும் அதே பெயரில் ஒரு பாலம் இருக்கிறது. நீ இருக்கும் பகுதியில், அந்நாளில் ஹோஞ்சோ என்றழைத்த இடத்தில், 1760-இல் ஓவியர் ஹொக்குசாய் பிறந்தார். அவர் தம் வாழ்நாளில் 93 முறை வீடு மாறினார் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அந்த நதியோரத்தையே சுற்றிக்கொண்டிருந்தார். வீடு மாறுவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும் அத்தனை முறை மாறியவரையும் பதிப்பாளர்கள் தேடிப் பிடித்துப் படம் வாங்கியிருக்கிறார்களே. போன இடத்தை யாருக்காவது சொல்லிவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

கடைசிக் காலத்தில் அவரும் மகள் ஓயியும் வாடகை அறை ஒன்றில் இருந்ததை ஒரு சீடர் படமாக வரைந்து வைத்திருக்கிறார். பெரியவர் போர்வையை முதுகின் மேல் போட்டுக்கொண்டு தரையில் குனிந்து வரைய, மகள் அருகில் அமர்ந்து பார்க்கிறார். உன் வார்டில் 2016-இல் திறந்த ஹொக்குசாய் அருங்காட்சியகத்தில் அதே காட்சியை ஆளளவுப் பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் போய்ப் பார். அந்த வீட்டில் இருவரும் சமைப்பதே இல்லையாம். வெளியில் வாங்கி உண்டு, கட்டிவந்த பொட்டலங்களை அப்படியே போட்டுவிடுவார்களாம். வேலை அதிகம் என்று நீயும் அப்படி இருந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. ஒருத்திக்காக மட்டும் எதற்கு உலை வைப்பது என்று எண்ணாதே.

ஓயியைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. அவரை மினாமிசாவா தோமெய் என்ற ஓவியருக்கு மணம் முடித்துக் கொடுத்தார்கள். கணவரின் ஓவியத்தில் குறை கண்டு இவர் சிரித்தார் என்றும், அதனால் அந்த மணம் முறிந்தது என்றும் பழைய வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். சிரிப்பு ஒன்றே காரணமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பிறர் வீட்டு விஷயத்தை ஒரு வரியில் சுருக்குகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஓயி தந்தையிடம் திரும்பி வந்தார். மூத்த சகோதரியும் அதற்கு முன்பே, தந்தையின் சீடரான யானகாவா ஷிகெனோபுவை மணந்து, பிரிந்து, மகனோடு வந்திருந்தவர். அந்தப் பேரன் வைத்த கடன்களால் ஹொக்குசாய் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் மகள்களை ‘ஏன் வந்தாய்?’ என்று அவர் கேட்டதாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஓயியின் கையில் தூரிகையைக் கொடுத்தார். பெண்களை வரைவதில் மகள் தம்மைவிடத் தேர்ந்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னார் என்பார்கள். 1847-இல் வெளிவந்த, பெண்களுக்கான அன்றாட வாழ்க்கைக் கையேடு ஒன்றின் அச்சுப் படங்கள் ஓயி வரைந்தவை. எதோவின் கணிகையர் பகுதியான யோஷிவாராவின் இரவுக் காட்சியை வரைந்த அவருடைய ஓவியம் தோக்கியோவின் ஹராஜுகுவில் உள்ள ஓதா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது அச்சல்ல, கையால் தீட்டியது. மரக்கம்பிகளுக்குப் பின்னால் விளக்கொளி வழிய, அதன் முன்னே மனிதர்கள் நிழலாக நிற்கிறார்கள். அங்குள்ள லாந்தர்களில் மூன்றில் தம் பெயரின் எழுத்துகளை அவர் மறைத்து வைத்திருக்கிறார். தேடினால்தான் கிடைக்கும்.

எல்லாத் தந்தையரும் ஹொக்குசாய் போல் இருந்துவிடவில்லை. அச்சு ஓவியர் யோஷிதா ஹிரோஷி 1930-31-இல் இந்தியாவுக்கு வந்து, நம் மதுரைக் கோயிலையும் பார்த்துப் பின்னர் அச்சில் கொண்டுவந்தார் அல்லவா, அந்தப் பயணத்தில் கூட வந்தது பத்தொன்பது வயது மகன் தோஷி. செதுக்குபவரையும் அச்சிடுபவரையும் பக்கத்திலேயே நின்று கண்காணித்த மனிதர், மகனை மட்டும் விட்டுவிடுவாரா? தோஷி அருவ ஓவியத்துக்குப் போனது 1950-இல் தந்தை இறந்த பிறகு. இதைப் படித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை தன் மனத்தில் இருப்பதைக் காட்டத் தகப்பன் போய்ச் சேர வேண்டுமா? நான் இருக்கும்போதே காட்டினால் என்ன? கோபித்துக்கொள்வேன் என்று நினைத்தால், கோபித்துக்கொண்டுதான் போகிறேன். அதன் பிறகு சரியாகிவிடும். சித்தப்பா வீட்டு விஷயத்தில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று நீ பார்த்தவள்தானே.

மாப்பிள்ளை நலமா என்று போன கடிதங்களில் கேட்டிருந்தேன். இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

என் மனத்தை அரிப்பது வேறு ஒன்று. ஹொக்குசாய் 1849-இல் இறந்தார். இன்னும் ஐந்து ஆண்டு கிடைத்தால் உண்மையான ஓவியனாகிவிடுவேன் என்று படுக்கையில் சொன்னதாக எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கும் அது பிடித்த கதைதான். ஆனால் அந்தப் படுக்கையருகே இருந்த மகளுக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? எங்கே போனார், எங்கே இறந்தார், எந்த ஆண்டு என்பதற்குச் சான்று இல்லை. 1866 வாக்கில் என்கிறார்கள், அதுவும் ஊகம். அச்சுப் படங்களைச் செதுக்கிய எத்தனையோ பேரைப் போல, அந்தக் காலத்தின் கைகளிலேயே மிக நேர்த்தியான ஒன்றும் முகவரியில்லாமல் போயிற்று. அப்பா இருக்கும்வரை அப்பா வீடு என்று இருந்தது; அதன் பிறகு தேடுவதற்கு ஒருவரும் இல்லை. அறுபத்தொன்பது வயதில் இதைப் படிக்கிறவன் தூங்க முடியுமா, சொல்.

ஆகவே புதிய தொலைபேசி எண்ணை அண்ணனிடமாவது கொடுத்து வை. உனக்கும் அவனுக்கும் என்ன மனத்தாங்கலாக இருந்தாலும் கொடுத்து வை. வாடகை ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கிறதா என்று பார். அவசரத் தொடர்புக்கு யார் பெயரை எழுதினாய்? என் பெயரை எழுது. தூரத்தில் இருக்கிறேன் என்று விட்டுவிடாதே. வேளைக்குச் சாப்பிடு.

எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஓயியின் யோஷிவாரா ஓவியத்தை எப்போதும் வெளியே வைப்பதில்லை. அடுத்து எந்த மாதம் காட்சிக்கு வைக்கிறார்கள் என்று அருங்காட்சியகத்தில் விசாரித்து எழுது. அந்த மாதத்துக்கே டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா