80,000-க்கு ஏலம், 96,000 என்று அறிவிப்பு, கைக்கு வந்தது 67,256: ஏல நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (விற்றவர், வாங்கியவர்), காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர், ஏல நிறுவனம், சென்னை.

பொருள்: ஒப்பந்தத்தில் இல்லாத பிடித்தங்களைத் திருப்பித் தருவது, ஏலத்தில் முடிந்த விலையைத் தனியாக வெளியிடுவது குறித்து.

ஐயா,

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் மாட்டியிருந்த ரவிவர்மா அச்சக லட்சுமி படம் உங்கள் சென்ற ஏலத்தில் 80,000 ரூபாய்க்குப் போனது. சேலையில் சரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்த பழைய படம் அது. வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. பொதுக்கணக்கை நான் பார்க்கிறேன். பங்கு பிரித்து அனுப்பியதும் சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி உங்கள் வலைத்தளத்தைப் படம் பிடித்து அனுப்பினார். “அண்ணே, இதுல 96,000-னு போட்டிருக்கு. நீங்க 67,256-க்குத்தான் கணக்குக் காட்டியிருக்கீங்க, மிச்சம் எங்கே?” என்று கேட்டார். கணக்கில் ஒரு பைசா பிசகினாலும் தலைமுறைக்கும் பேச்சாகிவிடும் ஊர் இது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது உங்கள் அறிவிப்பால்தான்.

நீங்கள் வெளியிட்ட 96,000 ரூபாயில் 16,000 உங்கள் பிரீமியம். வாங்கியவரிடம் 20 சதவீதம் என்று நீங்கள் தனியே வாங்குவது. அதில் ஒரு ரூபாய்கூட விற்றவருக்கு வராது. ஏலத்துக்கு முன் நீங்கள் அச்சிட்ட மதிப்பீட்டு விலையில் பிரீமியம் சேரவில்லை. முடிந்தபின் போடும் விலையில் மட்டும் சேர்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், பொருள் மதிப்பீட்டைத் தாண்டிப் போனதாகவே நினைப்பார். எங்கள் படத்துக்கும் அப்படித்தான் ஆனது.

விற்ற தரப்பில் நடந்தது இது. 80,000-க்கு 10 சதவீதக் கமிஷன் 8,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,440. இதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் பணம் வந்த அன்று புகைப்படக் கட்டணம் 2,000, காப்பீடு 800, இவற்றுக்கு ஜிஎஸ்டி 504 என்று மேலும் 3,304 ரூபாய் பிடித்திருந்தீர்கள். ஒப்பந்தத்தில் இந்த இரண்டு கட்டணங்களும் இல்லை. வாங்கியவர் ஜிஎஸ்டியோடு பிரீமியம் சேர்த்து 98,880 கட்டியிருக்கிறார். படத்தின் மீதான வரி அதற்கும் மேல். அரசுக்குப் போகும் வரியைக் கழித்தாலும் இந்த ஒரு படத்தில் இரு பக்கமும் சேர்த்து உங்களுக்கு 26,800 ரூபாய். ஏலத்தில் முடிந்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

“பிரீமியம் என்பது வாங்குபவர் கொடுப்பது, உங்களுக்கு அதில் என்ன நஷ்டம்?” என்று உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டார்கள். நஷ்டம் எங்களுக்குத்தான். அந்தப் படத்துக்கு மொத்தம் ஒரு லட்சம் ஒதுக்கியவர், பிரீமியமும் அதன் வரியுமாக 23.6 சதவீதம் போகும் என்று தெரிந்தவர், ஏறக்குறைய 80,900-க்கு மேல் கை தூக்க மாட்டார். அதே ஏலத்தில் பர்மா மரவை (மரப் பாத்திரம்) ஒன்றை வாங்கிய நானும் அப்படித்தான் கணக்குப் பார்த்து, மனதில் இருந்ததைவிடக் குறைத்துக் கேட்டேன். என் பிரீமியம் அந்த மரவையை விற்ற குடும்பத்தின் பையிலிருந்து போனது. எங்கள் படத்தை வாங்கியவரின் பிரீமியம் எங்கள் பையிலிருந்து.

எங்கள் பக்கப் பொருள்களுக்கு இது இன்னும் கூடுதலாக உறைக்கும். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. படம் நூறு ஆண்டு தாண்டியது என்று நீங்களே பட்டியலில் போட்டீர்கள். ஆக, வாங்க வருபவர்கள் நம் நாட்டுக்குள் இருக்கும் சிலர் மட்டும். போட்டிக்கு ஆள் குறைந்த இடத்தில் கட்டணம் ஏறினால் கேட்கும் விலை இறங்கத்தான் செய்யும்.

உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்றும் சொன்னார்கள். லண்டனில் பெரிய ஏல நிறுவனங்களான கிறிஸ்டீஸும் சோத்பீஸும் வாங்குவோர் பிரீமியத்தைக் கொண்டுவந்தது 1975இல். அதற்கு முன்பு அங்கே விற்பவர் தந்த கமிஷனில்தான் ஏலம் நடந்தது. பிறகு அதே இரு நிறுவனங்களும் கமிஷன் விகிதத்தைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது 2000இல் அம்பலமாகி, வாடிக்கையாளர்களுக்கு 51.2 கோடி டாலர் ஈடு கொடுக்க வேண்டி வந்தது. 2024இல் சோத்பீஸ் பிரீமியத்தைக் குறைத்தது, மறு ஆண்டே மறுபடி ஏற்றியது. நிறுவனம் நினைத்தால் ஏறும், நினைத்தால் இறங்கும் ஒன்றை மாற்ற முடியாத வழக்கம் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

எங்கள் ஊர்க் கோயில் விசேஷங்களில் எலுமிச்சம்பழத்தைக்கூட ஏலம் விடுவோம். யார் எவ்வளவுக்குக் கேட்டாரோ அந்தத் தொகையைத்தான் கட்டுவார், அதுவே கோயில் கணக்கில் ஏறும். உங்களிடம் நான் கேட்பதும் அந்த நேர்மைதான். பிரீமியமே வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. பட்டியல் அச்சிட, பாதுகாக்க, ஆள் வைக்கச் செலவு இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் விற்றிருந்தால் இதைவிடக் குறைவாகவும் கிடைத்திருக்கலாம். ஆனால் அங்கே சொன்ன பணம் சொன்னபடி கையில் வந்திருக்கும்.

ஒப்பந்தத்தில் இல்லாத 3,304 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள். வலைத்தளத்தில் 80,000 என்ற ஏல விலையையும் பிரீமியத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். விற்றவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதை உங்கள் முத்திரையோடு ஒரு கடிதமாகத் தாருங்கள். எங்கள் பங்காளிகளுக்கு நான் காட்ட வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஒப்பந்தமும், உங்கள் இரண்டு பில்களும், வலைத்தளப் பக்கத்தின் நகலும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.