மடக்கு மேசைக்கு எந்த விமானம்?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி நீ நடத்தும் பல்ப் (பழைய மலிவுப் பத்திரிகைக் கதை பாணி) சாகச ஆட்டத்துக்கு எந்த மாடல் விமானம் வாங்கலாம் என்று நீ கேட்டு மூன்று மாதம் ஆகிறது. அன்றே சொல்லியிருப்பேன், போனில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பிறகு நீ போனை எடுக்கவில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறடி மேசையைக் காணோம். ஏதோ மடக்கு மேசை. இருக்கட்டும். அதற்கு யுங்கர்ஸ் யு 52 என்ற ஜெர்மன் விமானம் வேண்டாம். நிஜத்தில் அதன் இறக்கை நுனிக்கு நுனி 29 மீட்டர்; 1:48 அளவில், அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்காக, 60 சென்டிமீட்டரைத் தாண்டும். காட்டையும் பாழடைந்த கோபுரத்தையும் பிறகு எங்கே வைப்பாய்? 1:72-இல் வாங்கினால் இடம் மிஞ்சும், கதவு காலை வாரிவிடும். அந்த அளவில் ஒரு ஆளின் உயரமே 24 மில்லிமீட்டர்தான். உன்னுடைய 28 மில்லிமீட்டர் வீரர்கள், காலடியில் பீடம் வேறு, குனிந்தாலும் உள்ளே நுழைய முடியாது. கணக்குப்படி 1:56தான் பொருத்தம். அந்தக் காலத்து விமானங்கள் அந்த அளவில் அதிகம் கிடைப்பதில்லை. ஆகவே 1:48. இறக்கையின் நீளத்தைப் பார்க்காமல் வாங்காதே.

குரூமன் கூஸ் வாங்கு. 1:48-இல் இறக்கை 31 சென்டிமீட்டர்தான். படகு போன்ற வயிறு, உள்ளே மடங்கும் சக்கரங்கள். ஏரியிலும் இறங்கும், தரையிலும் இறங்கும். ஆனால் அது முதலில் பறந்தது 1937-இல். உன் கதை 1933-இல் நடந்தால் டைகர் மாத் என்ற சின்ன இரட்டை அடுக்கு இறக்கை விமானம்தான் சரி. 19 சென்டிமீட்டருக்குள் அடங்கும். நீ எங்கே வருடம் பார்க்கப்போகிறாய்! 'கதைதான் அப்பா முக்கியம்' என்பாய். அன்று ஏழு பேரை வைத்து அந்தப் புயல் ஆட்டத்தை நீ நடத்தியபோது நான்கு மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. அதை உன்னிடம் சொன்னேனா?

இறக்கையைப் பசை போட்டு ஒட்டாதே. சின்னக் காந்தங்கள் வைத்துக் கழற்றும்படி செய். வீடு மாற்றும்போது உடையாது. மாற்றுகிறாய் என்று சொல்லவில்லை. எப்படியும் அளந்துவிட்டு வாங்கு.

பதினான்கு வயதில் நீ என் யு 52-ஐ அறுத்தாய். ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து கட்டியது. நெளிநெளியான அந்தத் தகட்டு உடலில், ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் வெள்ளியை இழுத்து ஒவ்வொரு நெளிவையும் எழுப்பியிருந்தேன். 'விழுந்த விமானம் வேண்டும்' என்றாய். 'உனக்கு எதையும் முழுதாக வைத்துக்கொள்ளத் தெரியாது' என்று கத்தினேன். அதே வார்த்தையைத்தான் அன்று போனில் மறுபடி சொன்னேன், விமானத்துக்காக அல்ல. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையது. இரண்டு முறையும்.

அந்த விமானத்தின் வால் பாதி இன்னும் இங்கே இருக்கிறது. 1:72தான். ஆனால் அறுத்த பக்கம் வாய் திறந்து கிடக்கிறது, கதவுக்கு அவசியமில்லை. மணலில் பாதி புதைத்து, இரண்டு பெட்டிகளைச் சிதறவிட்டால் போதும். மடக்கு மேசையிலும் அடங்கும். அனுப்பவா?

உன் மேசையின் நீள அகலத்தை எழுது. மாடி அறை மேசை காலியாகத்தான் இருக்கிறது. ஆறடி.

அப்பா