வாசல் டப்பாவில் அரிசி போட்டவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை, படிக்க உங்களுக்கும் இருக்காது. இப்போது திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அந்தக் குறையைக் கேட்கத்தானே நாம் எல்லோரும் வேண்டிக்கொண்டோம்.

ஜகார்த்தாவிலும் மேடானிலும் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கும், தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். இந்தோனேசியாவில், மத்திய ஜாவாவின் டெலங்குவை ஒட்டிய எங்கள் கிராமத்தாருக்கு என் மகள் இதை ஜாவானிய மொழியில் வாசித்துக் காட்டுவாள்.

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்கினால் யாராவது விட்டுப்போவார்கள். ஆகவே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் கேட்ட இரவில் யோக்யகர்த்தா செஞ்சிலுவைச் சங்கத்தில் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு நன்றி. ஆளுக்கொரு கைப்பிடி போல் சில்லறை போட்டு, லாரி பிடித்து, பின்புறத்தில் நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்த எங்கள் தெருப் பெண்களுக்கு நன்றி. நோயாளியைப் பார்க்க இந்த ஊரில் யாரும் தனியாகப் போவதில்லை. வார்டில் இரண்டு பேருக்கு மேல் அனுமதியில்லை என்று காவலாளி சொன்னதும், மற்றவர்கள் சலிக்காமல் மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த வேர்க்கடலையைத் தின்று முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். எங்கள் மடைக்குத் தண்ணீர் முறை வந்த இரவுகளில் தானே மண்வெட்டியோடு போய்த் திறந்துவிட்ட நீர்ப்பாசனக்காரருக்கும் நன்றி.

நெல் வியாபாரிக்கு நான் நன்றி சொல்வேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் வயலில் இருந்தது ஸ்ரீனுக் நெல். பழைய ரோஜோலேலே நெல்லைப் போல ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருக்க வைக்காமல் சீக்கிரமே முற்றிவிடும் ரகம். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த சமயத்தில் அது முற்றிவிட்டது. இங்கே பலரும் பயிரை அப்படியே நின்ற நிலையில் வியாபாரியிடம் விற்றுவிடுவார்கள், அறுப்பது அவர் பாடு. அவசரத்தில் விற்பவரிடம் அடிமாட்டு விலை பேசுவதுதான் உலக வழக்கம். இவரோ வரப்பில் ஒரு சுற்று நடந்து பார்த்தார். அரசு 2025இல் அறிவித்த கிலோ 6,500 இந்தோனேசிய ரூபாய் கணக்கில் மதிப்புப் போட்டு, பணத்தை என் மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பேரம் பேச அங்கே ஆளே இல்லை, அவரும் பேசவில்லை.

ஊர்த்தலைவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. வயல் என் கணவர் பெயரில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி இங்கே முழு நில உரிமை குடிமக்களுக்குத்தான். என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். வாரிசு என்ற முறையில் நிலம் வந்தாலும் ஓராண்டுக்குள் கைமாற்றிவிட வேண்டும். இது எனக்குத் தெரிந்ததைவிடத் தரகர்களுக்கு நன்றாகத் தெரியும். 2024இல் கார்த்தசூராவிலிருந்து கிளாட்டென் வரை சுங்கச்சாலை திறந்ததிலிருந்து, சுற்றுவட்டார வயல்களை எல்லாம் அவர்கள் கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கிறார்கள். என் கணவர் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் இரண்டு பேர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே வந்துவிட்டார்கள். ஊர்த்தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மகள் இந்த நாட்டுக் குடிமகள். நிலம் எங்கும் போகாது. நோயாளி எழுந்து உட்காரட்டும், பிறகு பேசலாம்" என்று அவர்களுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். அவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஜாவா கிராமங்களுக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வீட்டு வாசல் தூணிலும் ஒரு சின்னக் குவளையோ பால் டப்பாவோ கம்பியில் தொங்கும். பொழுது சாயும்போது வீட்டார் அதில் ஒரு பிடி அரிசி போட்டு வைப்பார்கள். இரவுக் காவல் சுற்றும் ஆண்கள் வீடு வீடாக வந்து அதைப் பையில் கொட்டிக்கொண்டு, நோட்டில் குறித்துக்கொள்வார்கள். ஜிம்பிதான் என்று பெயர். நம் ஊர்ப் பிடியரிசிதான், ஆனால் இங்கே கோயிலுக்குப் போகாமல் தெருவின் பொதுப் பணத்துக்குப் போகிறது. தெருவிளக்கும் சாவுச் செலவும் அதிலிருந்துதான். பல ஊர்களில் இப்போது 500 ரூபாய் நாணயம் போடுகிறார்கள். எங்கள் தெருவில் இன்னும் அரிசிதான்.

நாங்கள் இல்லாத காலம் முழுக்க எங்கள் வீடு இரவில் பூட்டியே கிடந்தது. மாமியார் நாத்தனார் வீட்டில் இருந்தார். என் கணவர் வீடு திரும்பிய மறுநாள், பாக்கி அரிசியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பையோடு தெருத்தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் நோட்டை எடுத்து வந்தார். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு, அட்டையில் காப்பித் தம்ளரின் வட்டக் கறை. எங்கள் வீட்டுப் பெயருக்கு நேரே விரலை ஓட்டிக்கொண்டே போனார். எல்லாக் கட்டத்திலும் நீல மையில் டிக் இருந்தது. "பாக்கி இல்லையே" என்றார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

காவல் சுற்றும் பையன்களைக் கேட்டதும் உண்மை வெளியே வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா. உங்களில் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள், முதுகு வளைந்திருக்கும், வெற்றிலை போடுவார். தனியாக இருக்கும் கைம்பெண் என்பதால் தெருக்கூட்டம் அவருக்கு ஜிம்பிதானிலிருந்து விலக்கே கொடுத்திருக்கிறது. அவர் வீட்டுத் தூணில் டப்பாவே கிடையாது. அவருக்குச் சொந்த வயலும் இல்லை. அறுப்பு முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கி, சாலையோரம் சாக்கில் காயவைத்து, வண்டியில் வீதிக்கு வரும் அரவை மெஷினில் கொடுத்து அரிசியாக்கிக்கொள்வார். அந்த அரிசியிலிருந்துதான் தினம் மாலையில் எங்கள் டப்பாவுக்கு ஒரு பிடி வந்திருக்கிறது.

அன்று மாலை எங்கள் டப்பாவைக் கழற்றிப் பார்த்தேன். துருப்பிடித்த பழைய கம்பிக்குப் பதிலாகப் புதுக் கம்பி. மழைத் தண்ணீர் இறங்காதபடி எண்ணெய்ப் பாக்கெட்டை வெட்டி ஒரு மூடி. உள்ளே நொய்யும், உமி நீங்காத இரண்டு மூன்று நெல்லுமாக ஒரு பிடி அரிசி. நாங்கள் வந்துவிட்ட பிறகும் போட்டிருக்கிறார்! எனக்கு வேலை அதிகம் இருக்கும் என்று நினைத்தாராம்.

அவரிடம் போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "ஏன் பெரியம்மா இப்படிச் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "டப்பா காலியாக இருந்தால் பையன்கள் உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள், பெண்ணே. இருட்டில் யாராவது ஒருவர் வாசல்வரை வந்துபோவது நல்லதில்லையா?" என்றார்.

நான் யோசிக்காதது அது. அரிசி இருந்ததால் காவல்காரர்கள் ஒவ்வொரு இரவும் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள், டார்ச் அடித்துத் தாழ்ப்பாளைப் பார்த்திருக்கிறார்கள். பூட்டிய வீட்டில் ஒரு செருப்புக்கூடத் தொலையவில்லை. லட்சக்கணக்கில் அனுப்பி உதவியவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உங்கள் பணம் இல்லாமல் என் கணவர் பிழைத்திருக்க மாட்டார். ஆனால் இரவில் நான் எழுந்து உட்கார்ந்து அழுதது இந்த ஒரு பிடி அரிசியை நினைத்துத்தான்.

பெரியம்மாவுக்கு அரிசி மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. மறுபடி கொடுத்தால் கோபித்துக்கொள்வார் என்று மாமியார் சொல்கிறார். ஆகவே வேறு முடிவு எடுத்திருக்கிறேன், எல்லோர் முன்னாலும் எழுதிவைக்கிறேன். அடுத்த போகத்தில் பயிரை வியாபாரியிடம் விடுவதாக இருந்தாலும், நாங்களே மெஷின் இறக்கினாலும், கிழக்கு வரப்பை ஒட்டிய மூலையில் மெஷின் இறங்காது. அந்த மூலை கதிர் பொறுக்குபவர்களுக்கு. முதல் நாளே பெரியம்மாவிடம் சொல்லிவிடுவேன். வியாபாரி அதை விலையில் கழித்துக்கொள்ளட்டும். என் கணவர் சரி என்று தலையாட்டிவிட்டார், மகள் சாட்சி. தரகர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி: அந்த மூலையும் சரி, மிச்ச வயலும் சரி, விற்பனைக்கு இல்லை.

உதவிப் பணத்தில் மருந்துச் செலவு போக மீந்ததைத் தெருவின் பொதுப் பணத்தில் சேர்த்துவிட்டேன். அனுப்பியவர்கள் திரும்பக் கேட்டால் தருகிறேன். புதிதாக யாரும் அனுப்ப வேண்டாம்.

வரும் வியாழக்கிழமை இரவு வீட்டில் நன்றி விருந்து. மஞ்சள் சோற்றுக் கோபுரமும் கோழியும் தெருப் பெண்கள் பொறுப்பு, சாம்பார் என் பொறுப்பு. யோக்யகர்த்தாவிலிருந்து வருபவர்கள் சோலோ போகும் மின்சார ரயிலில் ஏறி டெலங்குவில் இறங்குங்கள், டிக்கெட் 8,000 ரூபாய்தான். இறங்கியதும் மகளுக்குப் போன் செய்தால் பைக்கில் வந்து அழைத்துவருவாள். ஒரு நடைக்கு ஒருவர்தான், கூட்டமாக வருபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
டெலங்கு மருமகள்